தன் கையும் பிறர் கையும்

இல்லறம் என்னும் சொல்லுக்குள் இல்லமும் அறமும் அருகருகே அமைந்திருக்கின்றன. அறத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பேசுவதற்கு நூல்களும் உள்ளன. வழிகாட்டச் சான்றோரும் உள்ளனர். ஆனால் இல்லம் என்று சொல்லப்படும் கட்டடத்தை, அதாவது சுவர், கூரை, கதவு, குழாய், வடிகால் ஆகியவற்றை, அறநோக்கில் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. உண்ணும் உணவில் உயிர் உளதா என்று பார்க்கிறோம். பொழுது சாய்ந்தபின் உண்பதைத் தவிர்க்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். வீட்டைப் பழுதுபார்க்கும் நாள் வந்தால் மட்டும், "ஆளைக் கூப்பிடு, எவ்வளவு கேட்கிறான் என்று பார்" என்பதோடு நம் சிந்தனை முடிந்துவிடுகிறது.

அண்மையில் என் தம்பி மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அவன் சென்னையில் பணிபுரிகிறான். அண்மையில்தான் கடன் வாங்கி ஒரு பழைய வீட்டை வாங்கினான். மாதத் தவணை கட்டியபின் கையில் மிஞ்சுவது சொற்பம். குழாய் ஒழுகல், சுவர் வெடிப்பு, கதவு இறுக்கம் என்று நாள்தோறும் ஒரு பழுது. "பெரியப்பா, சின்னச் சின்ன வேலைகளை நானே செய்துகொள்ளலாம் என்று கருவிகள் வாங்கி வைத்திருக்கிறேன். கூலி மிச்சமாகும். ஆனால் வீட்டில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு தொழிலாளியின் கூலியைப் பிடித்து வைப்பது கஞ்சத்தனம் என்கிறாள் என் மனைவி. சுவரைக் கொத்தினால் எறும்பும் பூச்சியும் சாகும், அந்தப் பாவம் நம் கையில் எதற்கு, ஆளை வைத்துச் செய்தால் நமக்கு ஒட்டாது என்கிறார் பாட்டி. நான் செய்வது சரியா, தவறா?" என்றான்.

எளிய கேள்வி போல் தோன்றினாலும் எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. சில வாரங்கள் எண்ணிப் பார்த்தபின் தெளிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

செய்தலும் செய்வித்தலும்

முதலில் பாட்டியின் கருத்தை எடுத்துக்கொள்வோம். வயது முதிர்ந்த அந்த அம்மையார் சொல்வது நம் குடும்பங்கள் பலவற்றில் நிலவும் எண்ணமே. கறையான் மருந்து அடிக்க ஆள், கிணறு தூர்வார ஆள், புதர் வெட்ட ஆள். நாம் திண்ணையில் அமர்ந்து பணம் எண்ணிக் கொடுத்தால் நம் விரதம் பழுதுபடாது என்று நம்புகிறோம்.

அறநூல்கள் இதற்கு இடம் தரவில்லை. வினை மூன்று வழிகளில் நம்மை வந்தடையும் என்பதே நம் முன்னோர் கூறிய நெறி. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகியவையே அம்மூன்று. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார் ஏறவேண்டிய பதினொரு படிகளைக் கூறுகிறது. அவற்றுள் எட்டாம் படி ஆரம்பத் தியாகம். அதாவது தொழிலையும் அதனால் நேரும் உயிர்த் துன்பத்தையும் விட்டு விலகுதல். ஒன்பதாம் படி உடைமைகளைத் துறத்தல். பத்தாம் படியோ அனுமதித் தியாகம். இல்லத்துக் காரியங்களுக்கு இசைவு தெரிவிப்பதையும் விட்டுவிடுதல். செய்விப்பவனை வினை தீண்டாது என்றால், வெறும் இசைவைத் துறப்பதை எட்டாம் படிக்கும் மேலான படியாக வைத்திருக்க வேண்டுவதில்லை அன்றோ? பிறர் கையைக் கொண்டு செய்தால் பாவம் அக்கையோடு போய்விடும் என்னும் எண்ணம் இங்கேயே தகர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இல்லறத்தானால் முற்றிலும் தவிர்க்க இயலாத இம்சைகளை நம் ஆசிரியர்கள் அறிந்தே வகைப்படுத்தினர். வீட்டு வேலைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, வேண்டுமென்றே செய்வது என நான்காகப் பிரித்து, இறுதியில் உள்ளதை அறவே விலக்கவும், ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைக்கவும் பணித்தனர். வீட்டைப் பழுதுபார்த்தல் முதல் வகையைச் சார்ந்தது. ஆகவே "யார் செய்தால் எனக்கு ஒட்டாது?" என்று கேட்பதில் பயனில்லை. "எப்படிச் செய்தால் துன்பம் குறையும்?" என்பதே கேட்கத் தக்க கேள்வி.

நான் இறக்கிவிட்ட மனிதர்

இதனை நான் நூலில் படித்து உணரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு, ஒரு சிற்றூரில் ஆசிரியப் பணியில் இருந்தேன். குடியிருந்த வீட்டின் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. இருவர் வந்தனர். 300 ரூபாய் கேட்டனர். நான் பேரம் பேசி 200 ரூபாய்க்கு முடித்தேன். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். மற்றவர் வாளியை இழுத்துக் கொட்டினார். இரண்டு மணி நேரம் கழித்து மேலே வந்தவர் நிற்க முடியாமல் தென்னை மரத்தடியில் சாய்ந்துவிட்டார். கண்கள் சிவந்து நீர் வழிந்தது. நெடுநேரம் அவரால் பேசவே இயலவில்லை. என் மனைவி மோர் கொடுத்தாள். அதையும் தனியே வைத்திருந்த ஒரு குவளையில்தான் கொடுத்தோம். மாலையில் 100 ரூபாய் மிச்சப்பட்டதை நான் கணக்கேட்டில் மகிழ்ச்சியோடு எழுதியது நினைவிருக்கிறது.

பின்னாளில்தான் அறிந்தேன். மூடிய கழிவுத் தொட்டியில் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வளி தேங்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் அது, மிகும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நீங்கிவிட்டது என்று எண்ணும் வேளையில் மனிதன் சுருண்டு விழுவான். அவனைத் தூக்க இறங்குபவனும் உடன் விழுவான். அன்று அவர் பிழைத்தது என் நல்வினையோ அவர் நல்வினையோ நான் அறியேன்.

மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதையும், தக்க பாதுகாப்பின்றிக் கழிவுத் தொட்டியிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவதையும் தடுத்து 2013ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்பணியில் உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டிய நிலை வந்ததென்றால், சட்டத்திற்குப் பின்னும் சாவுகள் நிற்கவில்லை என்பதே பொருள். நீரை வடிகட்டிக் குடித்த நான் ஐம்பொறியும் மனமும் உடைய ஓருயிரை அக்குழிக்குள் இறக்கினேன். கொல்லாமை விரதத்தின் குற்றங்களாக நம் நூல்கள் கூறும் ஐந்தனுள் ஒன்று, தாங்கும் அளவை மிஞ்சிப் பாரம் ஏற்றுதல். மாட்டுக்கும் கழுதைக்கும் மட்டுமே அது பொருந்தும் என்று அந்நாளில் எண்ணியிருந்தேன்.

இவ்வனுபவத்திலிருந்து நான் கொண்ட முதல் விதி இது: எந்த வேலையில் என் மகனை இறக்க மாட்டேனோ, அந்த வேலையைப் பிறர் வறுமையிலிருந்து விலைக்கு வாங்கலாகாது. இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். மின்கம்பி வேலையையும் நான் செய்ய மாட்டேன். என் மகனையும் செய்ய விட மாட்டேன். ஆனால் அதற்குக் காரணம் எங்களுக்கு அத்தொழில் தெரியாமை. தெரிந்தவர் உரிய கருவியோடு செய்தால் ஆபத்து நீங்கிவிடும். கழிவுக் குழியில் வெற்றுடம்போடு இறங்குவதோ எவ்வளவு பழகியவருக்கும் ஆகாதது. முன்னதற்குத் திறமைக்குரிய கூலி கொடுக்கிறோம். பின்னதில் உயிருக்கு விலை பேசுகிறோம். இன்று உறிஞ்சு குழாய் பொருத்திய வண்டிகள் வருகின்றன. கட்டணம் சற்றுக் கூடுதலாயினும் அதுவே தக்க வழி.

கவனமே காப்பு

இனி, தானே செய்வதன் சிறப்பைக் காண்போம். உயிருக்கு நேரும் துன்பம் அசட்டையிலிருந்து பிறக்கும்போதே அது இம்சையாகிறது என்பது நம் தத்துவ நூல்கள் வலியுறுத்தும் கருத்து. பிரமாதம் என்று அவை கூறுவது இவ்வசட்டையையே. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்து எடுத்துப் பார்த்து வைக்க வேண்டும் என்பதைத் துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்றாகவே வைத்தனர்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வந்தவருக்குப் பொழுது பணம். காற்றுச் சாளரத்தில் அணில் கூடு கட்டியிருந்தாலும், நிலையின் மூலையில் குளவி மண்கூடு வைத்திருந்தாலும், மட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்துப் போவார். அவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அந்த அவசரத்தை அவருக்கு விலையாக வைத்தவர்கள் நாமே. தன் வீட்டைத் தானே வெள்ளையடிப்பவன் அந்த மூலையை விட்டுவிட்டு, குஞ்சுகள் வெளியேறிய பின் அடித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒரு சாளரம் ஓராண்டு முழுவதும் பழைய நிறத்திலேயே இருந்தது. வந்தவர்கள் வினவினார்கள், அணில் குடும்பத்தைக் காட்டினோம்.

மழைக் காலத்தில் சிற்றுயிர்கள் பெருகும் என்பதாலேயே துறவியர் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குகின்றனர். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்திருக்கும்போதே தளத்தையும் வடிகாலையும் செப்பனிடுவது நமக்கும் பொருந்தும் ஒழுக்கம். அடைமழையில் கூரை ஒழுகிய பின் ஓடித் திரிவதினும் அதில் செலவும் குறைவு, துன்பமும் குறைவு.

ஆனால் தன் கை என்பதாலேயே அது நல்ல கையாகிவிடாது. நான் ஒருமுறை படம் மாட்டச் சுவரில் ஆணி அடித்து, உள்ளே சென்ற தண்ணீர்க் குழாயைத் துளைத்துவிட்டேன். அரை ரூபாய் ஆணிக்காகச் சுவரைப் பெயர்த்து, குழாய் மாற்றி, பூசி முடிக்க மூன்று நாட்கள் ஆயின. வீணான நீர் எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு! தேர்ந்த கொத்தனார் பூசினால் கீழே சிந்துவது சிறிதே; நான் பூசினால் சுவரில் நிற்பதே சிறிது. அறியாமையோடு கூடிய உழைப்பும் ஒருவகை அசட்டையே.

கறையான் உணர்த்திய பாடம்

நம்மவரைப் பெரிதும் சங்கடப்படுத்துவது கறையான். வந்துவிட்டால் மருந்து, மருந்தென்றால் ஆயிரக்கணக்கான உயிர்களின் அழிவு. விட்டுவிட்டால் நிலையும் கதவும் ஏட்டுச் சுவடிகளும் மண்ணாகும். என்ன செய்வது?

நிலத்தடிக் கறையானுக்கு ஈரம் இன்றியமையாதது. உலர்ந்த காற்றில் அதன் மென்மையான உடல் தாங்காது. ஆகையினாலேயே மண்ணால் குழாய் கட்டி அதற்குள் நடமாடுகிறது. நம் வீடுகளில் அது நுழைவதற்கு வழி வகுப்பது பெரும்பாலும் சுவரை ஒட்டிய ஒழுகல், வடிகால் அடைப்பு, சுவரோரம் அடுக்கிய விறகு, தரையோடு படிந்த மரச்சட்டம் ஆகியவை. இவையனைத்தும் நம் கையாலேயே சரிசெய்யத் தக்கவை. ஒழுகும் குழாயைச் சித்திரையில் இறுக்கினால் கார்த்திகையில் நஞ்சு வாங்க வேண்டுவதில்லை. காலத்தே செய்யும் சிறு பழுதுபார்ப்பு ஒரு கொல்லாமைச் செயல் என்று நான் கூறுவது மிகையன்று.

நஞ்சோ நம்மோடும் நிற்பதில்லை. முன்பு கறையானுக்கென்று மண்ணில் ஊற்றப்பட்ட ஆல்ட்ரின், குளோர்டேன் முதலியவை பல்லாண்டுகள் மண்ணில் அழியாமல் தங்கி, உயிரினங்களின் கொழுப்பில் சேர்பவை. 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதன்முதலில் பட்டியலிட்ட பன்னிரண்டு இரசாயனங்களுள் இவ்விரண்டும் உள்ளன. இன்னும் எத்தனை தலைமுறை மண்புழுக்கள் நம் தாத்தாக்கள் ஊற்றிய மருந்தைச் சுமக்கின்றனவோ!

எனினும் வந்துவிட்ட கறையானுக்கு என்ன வழி? இதில் நான் முழுத் தூய்மையுடன் வெளிவரவில்லை. எங்கள் வீட்டுப் புறக்கடை நிலையில் கறையான் ஏறியபோது, மண்குழாய்களை மெல்லக் கலைத்தோம்; ஒழுகலை அடைத்தோம்; வெயிலும் காற்றும் படும்படி அவ்விடத்தைத் திறந்து வைத்தோம்; அரித்த நிலையைக் கழற்றித் தோட்டத்தின் கோடியில் வைத்துவிட்டோம். மருந்து ஊற்றவில்லை. ஆயினும் சில உயிர்கள் மாண்டன என்பதை அறிவேன். அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அதனை எண்ணி வருந்தினேன். ஆளை வைத்து மருந்தடித்திருந்தால் ஆயிரம் மடங்கு மாண்டிருக்கும். நான் வருந்தியும் இருக்க மாட்டேன். கண்ணெதிரே நிகழாத துன்பம் நெஞ்சில் நிற்பதில்லை. தன் கையால் செய்வதன் பெரும்பயன், செய்ததை மறைக்க இயலாமல் அறிந்துகொள்வதே.

சிக்கனமா, உலோபமா?

இனிப் பணத்தைப் பற்றியது. தம்பி மகனின் மனைவி எழுப்பிய ஐயம் மிக நியாயமானது. தொழிலாளிக்குச் செல்லவேண்டிய கூலியை நாம் பிடித்து வைக்கிறோமா?

ஒழுகும் குழாய் ஒன்றைக் கருதுக. நொடிக்கு ஒரு துளி என்றால் நாளொன்றுக்கு 86,400 துளிகள். இருபது துளி ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தாலும் நான்கு லிட்டருக்கு மேல். ஓராண்டில் ஏறத்தாழ 1,500 லிட்டர். இதனை நிறுத்தத் தேவைப்படுவது சில ரூபாய் விலையுள்ள ஒரு வாஷரும் ஒரு ஸ்பானரும் கால் மணி நேரமும்தான். ஆனால் இதற்காக ஆள் வரவேண்டும் என்று காத்திருந்தால் நாட்கள் வாரங்களாகும். இவ்வளவு சிறு வேலைக்கு வர அவருக்கும் கட்டுப்படியாகாது. இத்தகைய வேலையை நாமே செய்வதால் யாருடைய பிழைப்பும் கெடுவதில்லை, நீர்தான் காக்கப்படுகிறது. இது சிக்கனம்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது வெளுப்புக் கூலி மிகுதியாவதைக் கண்டு, தம் துணிகளைத் தாமே வெளுக்கக் கற்றுக்கொண்டார். முதன்முதலில் கஞ்சி மிகுதியாகப் போட்ட கழுத்துப்பட்டையோடு நீதிமன்றம் சென்றபோது உடன் வழக்கறிஞர்கள் நகைத்ததைத் தம் வரலாற்றிலேயே எழுதியுள்ளார். செலவைக் குறைக்கத் தொடங்கிய அப்பழக்கம் பின்பு 1904இல் பீனிக்ஸ் குடியிருப்பிலும் 1910இல் தால்ஸ்தாய் பண்ணையிலும் எல்லோரும் எல்லா வேலையும் செய்யும் நெறியாக வளர்ந்தது. காசை மிச்சப்படுத்தும் எண்ணம் இழிந்ததன்று. அது எங்கே போய் முடிகிறது என்பதே பொருட்டு.

மிச்சமான பணம் எங்கே செல்கிறது? நம் ஐந்து விரதங்களுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. உடைமைக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வதே அது. கூலி மிச்சம் என்று சொல்லி, ஆண்டுக்கு ஒருமுறை பயன்படும் துளையிடும் இயந்திரத்தையும் ஏணியையும் பத்துவகைச் சுத்தியலையும் வாங்கிப் பரணில் அடுக்கினால், சிக்கனத்தின் பெயரால் உடைமையைப் பெருக்கியவர் ஆவோம். ஒரு தெருவில் பத்து வீடுகள் இருந்தால் பத்து ஏணிகள் எதற்கு? ஓர் ஏணியும் ஒரு துளையிடும் இயந்திரமும் பத்து வீட்டுக்கும் பொதுவாக இருக்கலாகாதா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேர்ந்த கை தேவைப்படும் வேலைக்கு ஆளை அழைத்துவிட்டால், அங்கே பேரம் பேசுதல் தகாது. சிறு வேலைகளை நாமே செய்து மிச்சம் பிடித்த தொகையில் ஒரு பகுதி இங்கே செல்லட்டும். தச்சருக்கும் கொல்லருக்கும் அறுவடைக் களத்தில் நெல் அளந்த காலம் ஒன்றிருந்தது. அம்முறையில் உயர்வு தாழ்வு என்னும் தீமை கலந்திருந்ததால் அதனைப் போற்றிப் பாட நான் விரும்பவில்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் நம் கூரையைக் காப்பவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்னும் பொறுப்புணர்வு அதில் இருந்தது. அவ்வுணர்வை உயர்வு தாழ்வின்றி நாம் மீட்டுக்கொள்ளலாம். மோர் கொடுக்கும் குவளை நாம் பருகும் குவளையாகவே இருக்கட்டும்.

எங்கே நிறுத்துவது?

எல்லாவற்றையும் நானே செய்வேன் என்பதும் தவறே. கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் உலோபம் ஒருவனைக் கருவி எடுக்கத் தூண்டலாம். மானம் அவனைக் கருவியைக் கீழே வைக்க விடாமல் தடுக்கலாம். "என்னால் முடியாததா?" என்று உயர்ந்த ஏணியில் ஏறி விழுந்தவன் மிச்சப்படுத்திய கூலியைப் போல் நூறு மடங்கு மருத்துவத்திற்குக் கொடுப்பான். அவன் உயிரும் உயிரே. தன்னைத் துன்புறுத்துவதும் இம்சையே.

ஆகவே சில எல்லைகளை வகுத்துக்கொள்ளுதல் நன்று. நம் வீடுகளில் வரும் 230 வோல்ட் மின்சாரம் உயிரைப் பறிக்க வல்லது. விளக்கு மாற்றுவதற்கு மேற்பட்ட மின்வேலை உரிமம் பெற்றவருடையது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் கருவியை அவரைக் கொண்டே பொருத்திக்கொள்ளுதல் இன்றியமையாதது. பழைய எனாமல் வண்ணத்தை உலர்வாகத் தேய்க்கலாகாது. அதில் ஈயம் இருக்கலாம். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்காக வரம்பிட்ட இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட கதவுகளை நனைத்துத் தேய்த்து, தூசியைத் துடைத்தெடுக்க வேண்டும். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட வேண்டும். கல்நார்த் தகட்டை அறுப்பதோ துளைப்பதோ வேண்டா. அதன் நார்த்தூசி நுரையீரலில் புற்றுநோய் விளைவிக்கும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் காப்பணிந்து, நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும்.

இவ்வெல்லைகளுக்கு உள்ளே நம் கைக்கு எட்டிய வேலைகள் எத்தனையோ. குழாய்க்கு வாஷர் மாற்றுதல், கதவுக்கீலுக்கு எண்ணெய் இடுதல், மொட்டைமாடி வடிகாலில் சருகு அகற்றுதல், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தல், மழைநீர் சேகரிப்புக் குழியைத் தூய்மை செய்தல் ஆகியவை அவற்றுட் சில. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் அவ்வமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. கட்டிய குழியை ஆண்டுதோறும் துப்புரவு செய்யாவிடில் கட்டியும் பயனில்லை.

பூட்டிய வீடுகள்

நம் சமுதாயத்துக்கென்றே ஒரு சொல். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளின் சிற்றூர்களில் நம் முன்னோர் கட்டிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் நகரங்களில் இருக்கிறோம். ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்குச் சென்று, ஆலயத்தில் வணங்கி, பூட்டைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்புகிறோம். நம் கூரையின் உடைந்த தூம்பிலிருந்து வழியும் நீர் அண்டை வீட்டாரின் சுவரில் ஊறுகிறது. அவர்கள் நம்மை மதித்து வாய் திறப்பதில்லை. அவர்கள் மௌனத்தின் மேல் நாம் மிச்சம் பிடிக்கிறோம். இது சிக்கனமும் அன்று, உடைமையில் பற்றின்மையும் அன்று. பேணாமல் வைத்திருக்கும் பொருளும் பற்றுக்கு உட்பட்ட பொருளே. திருவிழாவுக்குச் செல்லும் நாளில் அரை நாள் ஒதுக்கித் தூம்பில் அடைந்த சருகை நாமே அகற்றினால் எவ்வளவு நன்று! அதுவும் இயலாதெனில் குடியிருக்க வீடில்லாத ஒருவருக்கு அதனைக் கொடுத்துவிடுதல் அதனினும் நன்று.

நான் அளித்த விடை

தம்பி மகனின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது என் விடையை மூன்று வினாக்களாகச் சொன்னேன். ஒரு வேலை வரும்போது, முதலாவதாக, "இதனை யார் செய்தால் உயிர்களுக்குத் துன்பம் குறையும்?" என்று கேள். இரண்டாவதாக, "நான் இதனைச் செய்ய முற்படுவது தேவையினாலா, உலோபத்தினாலா, மானத்தினாலா? செய்யாமல் விடுவது சோம்பலினாலா?" என்று கேள். மூன்றாவதாக, "மிச்சமான பணமும் நேரமும் யாருக்குப் பயன்படும்?" என்று கேள். மூன்றுக்கும் நாணாமல் விடை கூற முடிந்தால், கையால் செய்தாலும் கூலிக்குச் செய்வித்தாலும் அது அறத்தோடு பொருந்தியதே. அவன் மனைவி, "அப்படியானால் மிச்சத்தில் ஒரு பங்கைத் தனி உண்டியலில் போட்டு, கொத்தனார் வரும் நாளில் பேரம் பேசாமல் எடுத்துக் கொடுப்போம்" என்றாள். அவள் சொன்னது என் மூன்றாம் வினாவுக்கு நான் எண்ணியிருந்ததினும் நல்ல விடை.

அன்று மாலையே சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினோம். தண்ணீரை அடைத்துவிட்டு அவன் ஸ்பானரைக் கையில் எடுத்தான். பாட்டி கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றார். குழாயைக் கழற்றும் முன், "கொஞ்சம் பொறு, அடியில் எறும்பு ஊர்கிறது" என்றார். எறும்புச் சாரை நகரும் வரை காத்திருந்தோம். பத்து நிமிடம் ஆயிற்று. நாளும் கணக்கும் பார்த்துக் கூலிக்கு வந்தவரிடம் அப்பத்து நிமிடத்தைக் கேட்டிருக்க முடியுமா என்று அவரிடம் வினவினேன். "நான்தான் பார்க்காமலே பேசிவிட்டேன்" என்றார் அந்த அம்மையார். எண்பது வயதைக் கடந்தும் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளும் அவருடைய பண்பு நமக்கெல்லாம் வாய்க்க வேண்டும்.

வீட்டைப் பேணுதல் என்பது அதில் வாழும் நம்மையும், நமக்காக உழைப்போரையும், நாம் அழைக்காமலே நம்மோடு குடியிருக்கும் சிற்றுயிர்களையும் சேர்த்துப் பேணுதல். வரும் மழைக்கு முன் நம் வீட்டுத் தளத்தின் மேல் ஒருமுறை ஏறிப் பார்ப்போமாக. கைக்கு இயன்றதைக் கவனத்தோடு நாமே செய்வோமாக. இயலாததை இயன்றவருக்கு நிறைகூலி கொடுத்துச் செய்விப்போமாக. எவ்வுயிரும் இடர்ப்படாமல் இல்லத்தில் அறம் தழைப்பதாக.